மணி அடிக்காமல் நின்றவர்கள்

என் மகளுக்கு எதியோப்பியாவில் வேலை கிடைத்தது. அவளைப் பார்க்கப் போவதற்கு முன், அந்த நாட்டுப் பழக்கங்களை எனக்குச் சொல்லித்தந்தவள், அங்கிருந்து வந்த எங்கள் மேல்மாடிக்காரி. ரொக்ஸ்பரோ என்ற புறநகரில் ஒரே கட்டடத்தில் குடியிருந்தோம். ஒரே கார்டெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டோம். எங்களுக்குள் பேச்சு பிரெஞ்சில்தான். அதை இங்கே என்னுடைய தமிழில் எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் கோப்பிக்குக் கூப்பிட்டாள். பச்சைக் கொட்டைகளை எங்கள் முன்னாலேயே வறுத்தாள். சாம்பிராணிப் புகை அறையை நிறைத்தது. அவளுடைய ஊர்ச் சிநேகிதிகள் இருவரும் வந்திருந்தார்கள்.

"மூண்டு தரம் ஊத்துவம். மூண்டாவது தான் ஆசீர்வாதம். அதைக் குடிக்காமல் எழும்பிப் போகாதையும். ஆரும் கையால ஊட்டிவிட்டால் வாயைத் திறவும். வேண்டாம் எண்டால் மனம் நோவினம்."

அவள் சிரித்தாள். சிநேகிதிகள் சிரிக்கவில்லை. ஒருத்தி அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை.

அடிஸ் அபாபா விமான நிலையத்துக்கு என்னைக் கூட்டிப்போக வரவிருந்தவன் அவளுடைய தம்பி. அவனுடைய படத்தைக் காட்டப் போனைத் தேடினாள்.

"உம்மட போனில சார்ஜ் இல்லை. உள்ளுக்குப் போட்டிருக்கிறன்," என்றாள் மற்றவள்.

"என்ரயில தம்பிக்கு எடுத்துக் கதையுமன்," என்று என் போனை நீட்டப் போனேன். பக்கத்திலிருந்த சிநேகிதி என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். ஏனென்று தெரியாமலே போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

மூன்றாவது கோப்பியை ஊற்றும்போது தம்பிக்கு நீண்ட ஆயுள் வேண்டுமென்று வாய்விட்டுச் சொன்னாள். ஒருத்தி எழுந்து குசினிக்குப் போனாள். அங்கே குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டேயிருந்தது.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரம். கணவர் யன்னலடியில் நின்று கூப்பிட்டார்.

"இஞ்சாரும், கீழ ஆக்கள் நிக்கினம்."

வாசலில் ஒரு கூட்டம். எல்லோரும் கறுப்பு உடுப்பு. ஒருவரும் மணி அடிக்கவில்லை, ஒருவரோடொருவர் கதைக்கவுமில்லை. தோளில் விழுந்த பனியைக்கூடத் தட்டிவிடாமல் மேல்மாடியைப் பார்த்தபடி நின்றார்கள்.

"பொலிசுக்குப் போன் அடிப்பமோ?" என்றார்.

நேற்றைய சிநேகிதிகளை நான் கண்டுகொண்டேன். கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கி, என்னவென்று கேட்டேன். என் கையைப் பிடித்தவள் காதோடு சொன்னாள்.

"அவளின்ர தம்பி செத்துப்போனான். எங்களுக்கு வியாழக்கிழமையே தெரியும். அவளுக்குத் தெரியாது. எங்கட ஆக்கள் சாவைப் போனில சொல்லமாட்டினம். தனிய இருக்கேக்க கேக்கக்கூடாது. சொந்தபந்தம் எல்லாம் கூடி, காலமை வீட்டுக்குப் போய்த்தான் சொல்லுவம்."

நேற்று அவள் ஆயுள் கேட்டது ஒரு செத்தவனுக்கு.

அவர்களோடு நானும் படியேறினேன். சப்பாத்துச் சத்தம் மட்டுமே கேட்டது. கதவைத் தட்டினார்கள். அவிழ்ந்த தலைமயிரோடு அவள் திறந்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசியில் நின்ற என்னிடம் வந்தபோது இது சாவுச் செய்தி என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஆர்?" என்று மட்டும் கேட்டாள்.

தம்பி என்றார்கள். பிறகு வந்த அலறலில் கட்டடத்துக் கதவுகளெல்லாம் திறந்தன. அவள் நிலத்தில் விழவில்லை. அதற்குள் அத்தனை கைகள் அவளைப் பிடித்திருந்தன.

சில நாட்கள் அந்த வீடு ஆட்களால் நிறைந்திருந்தது. நானும் சமைத்துக் கொண்டுபோனேன். ஒருநாள் பக்கத்தில் இருந்தபோது, ஊரில் நடந்த என் அப்பாவின் சாவை நான் எப்படி அறிந்தேன் என்று கேட்டாள்.

"மெட்ரோவுக்கு நிக்கேக்க போன் வந்தது."

"பக்கத்தில ஆர் நிண்டது?"

"ஒருத்தருமில்லை."

தன் துக்கத்துக்கு நடுவிலும் என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, எனக்காக அழுதாள்.