கண்ணாடி பார்த்து ஓட்டுகிறவர்

என் வீட்டுக்காரர் சுப்பராயலு கடலூர் – சிதம்பரம் ரூட்டில் தனியார் பஸ் ஓட்டுகிறார். வீட்டில் நான் நாலு தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். கல்யாணமான ஆம்பளைகளுக்கு வருகிற வியாதிதானே என்று விட்டுவிட்டேன்.

புதுச்சத்திரத்தில் அந்தப் பள்ளிக்கூடப் பெண் இறங்கிய அன்றுதான் விஷயம் தெரிந்தது. நானும் அதே பஸ்ஸில், முன்சீட்டில் இருந்தேன். அவள் காலைக் கீழே வைத்ததும் பையின் வார் பின்படிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. பஸ் நகர்ந்தது. கண்டக்டர் என் தம்பி சிலம்பரசன். கூட்டத்துக்கு நடுவில் நின்று விசில் ஊதினான். மறுபடியும் ஊதினான். பஸ்ஸே கத்தியது. இவர் நிதானமாகக் கியர் மாற்றினார். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் பிரேக் விழுந்தது. வார் அறுந்ததால் பெண் பிழைத்தாள். இரண்டு முழங்காலிலும் ரத்தம்.

சாயங்காலம் தம்பியைப் பிடித்து உட்காரவைத்தேன்.

“மாமாவுக்கு விசில் கேக்குறதே இல்லக்கா. அதான் முன்னால அம்மன் படத்துக்கிட்ட பச்ச பல்பு போட்டு, பின்படிகிட்ட சுச்சு வச்சிருக்கேன். ஒருவாட்டி எரிஞ்சா நிக்கணும், ரெண்டுவாட்டி எரிஞ்சா போவணும். இன்னிக்கி ரைட் குடுத்துட்டு டிக்கெட் போட உள்ள போயிட்டேன். திரும்பிப் பாத்தா சுச்சு எட்டல.”

அம்மனையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு மாமனும் மச்சானும் செய்த வேலையைப் பாருங்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மொதலாளிக்குத் தெரிஞ்சா வண்டிய விட்டு எறக்கிடுவாருடி” என்றார் இவர். அதுவும் பொய்யில்லை. கண் மங்கிய ஒரு டிரைவர் இன்றைக்கும் ஷெட்டில் வண்டி கழுவிக்கொண்டிருக்கிறார். இவருக்கு ஸ்டியரிங்கை விட்டால் வேறு உலகம் கிடையாது. ஆனால் எனக்குக் கண்ணை மூடினால் அந்த முழங்கால்தான் தெரிந்தது. காதைப் பார்க்காமல் இனி வண்டியில் ஏறக்கூடாது என்று சொல்லி, லீவு போடவைத்தேன்.

முதலில் கடலூரில், ‘காது டெஸ்ட் இலவசம்’ என்று போர்டு வைத்த ஒரு கடைக்குப் போனோம். உள்ளே இருந்தவர் காதைத் தொடுவதற்கு முன்பே, காதில் மாட்டுகிற மெஷினை எடுத்து மேஜையில் வைத்தார். “நீங்க காது டாக்டரா சார்?” என்று கேட்டேன். “நான் சேல்ஸ்மேன்மா” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பிறகு விசாரித்ததில்தான், கேட்கும் திறனை அளப்பதற்கென்றே ஆடியாலஜிஸ்ட் என்று படித்தவர்கள் இருப்பது தெரிந்தது. சிதம்பரம் மேலவீதிப் பக்கம் ஒரு சந்தில் இசைவாணி என்ற பெண் இருந்தார்.

பஸ் கம்பெனி போட்டிருந்த இன்சூரன்ஸை என் போனில் அவரிடம் காட்டினேன். பொறுமையாகப் படித்தார்.

“பொதுவா ஆஸ்பத்திரில அட்மிட் ஆனாத்தான் குடுப்பாங்கம்மா. மெஷினுக்குக் கெடையாது. ஆனா வேலையால காது கெட்டுச்சுன்னா இதுல தனியா ஒரு பிரிவு இருக்கு, அதுல மெஷின் வருது. மொத ரிப்போர்ட்டத்தான் பாப்பாங்க. அதுல நல்லா கேக்குதுன்னு வந்துட்டா, பின்னாடி கேட்டாலும் கஷ்டம். அப்புறம், ரிப்போர்ட் கம்பெனி வழியாத்தான் போவும்.”

வேறெதுவும் காதில் விழாதவருக்குக் கம்பெனி என்பது மட்டும் விழுந்துவிட்டது. முகம் சுண்டிப்போனது.

“மெஷின் மாட்டிக்கிட்டு பஸ் ஓட்டலாமாம்மா?” என்று சத்தமாகக் கேட்டார்.

“அத டாக்டர் பாத்துட்டுத்தான் சொல்லணும் சார். நான் வாக்கு குடுக்க முடியாது.”

அவரைத் தனக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார் இசைவாணி. சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன்.

அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார். ஒன்றைக்கூட விடவில்லை. ஐயோ சாமி, காது நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு நிமிஷம் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இசைவாணி மட்டும் புருவத்தைச் சுருக்கினார்.

அப்போதுதான் இவர் கண்ணைப் பார்த்தேன். தலை அசையவில்லை. கண் மட்டும் வலது பக்கம் போய்ப் போய் வந்தது. ஓவர்டேக் எடுக்கும் முன்னால் சைடு கண்ணாடியைப் பார்ப்பாரே, அதே பார்வை. எதிரே வலது ஓரத்தில் மருந்து அலமாரி. அதன் கண்ணாடியில், சத்தம் அனுப்ப அமுக்குகிற இசைவாணியின் விரல் தெரிந்தது. விரல் இறங்கினால் இவர் கட்டைவிரலும் இறங்குகிறது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நாளைக்கே வண்டியில் ஏறிவிடுவார். முதலாளிக்குத் தெரியாது. பச்சை பல்பு எரியும். இன்னொரு பை இன்னொரு கம்பியில் மாட்டும்.

எழுந்துபோய் அலமாரிக்கு முன்னால் நின்றேன்.

இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நகரு என்று கண்ணாலேயே கெஞ்சினார். இத்தனை வருஷத்தில் என்னிடம் எதற்கும் கெஞ்சியதில்லை. ஆனாலும் நான் நகரவில்லை.

அவர் கட்டைவிரல் பட்டன்மேல் அப்படியே இருந்தது. இசைவாணி சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். இவர் காதில் மாட்டியிருந்த ஹெட்போனிலிருந்து கீச்சென்ற சத்தம், அலமாரி ஓரம் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப சத்தம் வருதா எளவரசி?” என்று கேட்டார்.

வருகிறது என்று தலையாட்டினேன்.

பட்டனை மேஜைமேல் வைத்துவிட்டார். “மொதலாளிகிட்ட நானே சொல்லிக்கிறேன்” என்றார். ஹெட்போனைக் கழற்றாமல் சொன்னதால், சந்து முழுவதற்கும் கேட்டிருக்கும்.