மைக்செட் வாய் மூடிய கதை

என் அக்காவின் கணவரைச் சந்தையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மைக்செட் என்றால்தான் தெரியும். மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர். விடிந்தும் விடியாததுமாக லாரிகள் மூட்டையை இறக்கியதும் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று வெங்காயத்துக்கு விலை கூவ ஆரம்பித்தார் என்றால், அந்தக் கோடியில் தூங்குகிறவனும் எழுந்து வந்து விலை கேட்பான். அந்தக் குரல்தான் அவருக்குச் சோறு போட்டது, அதில் மறுபேச்சு இல்லை. பெட்டியை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்த பிறகும் அவர் ஏலத்தை நிறுத்தவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அக்கா ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அத்தான்தான் முடிப்பார். "இன்னைக்குத் தண்ணி..." என்பாள் அவள். "வரல, தெரியும், மோட்டார்காரன்கிட்ட சொல்லிட்டேன்" என்பார் அவர். அவள் சொல்ல வந்தது தண்ணீர் சீக்கிரமே வந்துவிட்டது என்பதாக இருக்கும். தங்கமான மனுஷர்தான், வீட்டுக்கு ஒரு குறை வைத்ததில்லை. ஆனால் இரைச்சலிலேயே பிழைத்தவருக்கு அடுத்தவர் பேசுவது காதில் ஏறாது. சின்ன வயதில், நாலு தெரு தள்ளி விளையாடிக்கொண்டிருந்த என்னை வாசலில் நின்றபடியே சாப்பிட வரவழைத்தவள் என் அக்கா. கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் குரல் போன இடம் தெரியவில்லை. இதனால் அத்தான் மேல் எனக்கு உள்ளுக்குள் ஒரு கடுப்பு உண்டு. மறைப்பானேன்?

போன வருஷம் அத்தானுக்குக் குரல் கம்மியது. தொண்டையில் சின்னக் கட்டி. கெட்ட கட்டி இல்லை என்று தெரிந்ததும்தான் எங்களுக்கு மூச்சு வந்தது. ஆபரேஷன் முடிந்து டாக்டர் கறாராகச் சொன்னார்: "நான் பாத்துச் சொல்ற வரைக்கும் மூச்! முணுமுணுக்கக்கூடக் கூடாது. ஒரு தடவை கத்தினாலும் புண்ணு பிரிஞ்சிடும். அப்புறம் பழைய குரல் வரும்னு நான் சொல்ல முடியாது."

குரல் போனால் ஏலம் போச்சு. ஏலம் போனால் அந்த வயதில் அவரை யார் வேலைக்கு வைப்பார்கள்? அக்கா பயந்து போனாள்.

வீட்டில் சும்மா இருக்கிறவருக்குப் பொழுது போகட்டும் என்று டி.வி.யைப் போட்டாள். முதல் நாளே வினை. கால்பந்து. கோல் விழப்போகிற நேரத்தில் அத்தான் வாயைப் பிளந்துகொண்டு எழுந்ததைப் பார்த்து, அக்கா பாய்ந்து போய் டி.வி.யை அணைத்துவிட்டாள். பிறகு சேனல் சேனலாகத் தள்ளிக்கொண்டே போனதில் ஒரு பெரிய புல்வெளி வந்தது. நடுவில் ஒருவன் குனிந்து பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். சுற்றிலும் அத்தனை கூட்டம், ஒரு இருமல் இல்லை. வர்ணனை செய்கிறவரே கிசுகிசுக்கிறார்.

"பாருங்க, இவங்களுக்கும் தொண்டையில ஆபரேஷன் போல. இதையே பாருங்க" என்றாள் அக்கா.

கோல்ஃப் அந்த வீட்டுக்குள் நுழைந்தது இப்படித்தான். எங்கள் பரம்பரையில் அந்த மட்டையைத் தொட்டவர் கிடையாது. திரையில் ஒரு இளைஞன் பெயருக்கு நேரே மைனஸ் ஒன்பது என்று போட்டிருந்ததைப் பார்த்து அக்கா உருகிப்போனாள். "ஐயோ பாவம், எல்லாருக்கும் கீழ கிடக்கானே பிள்ளை!" கடைசி நாள் வரை அவனுக்காக வேண்டிக்கொண்டாள். கடைசியில் கோப்பையை அவன் கையிலேயே கொடுத்தார்கள். இருவரும் பேந்தப் பேந்த முழித்தார்கள். நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் விசாரித்து வந்து, குறைந்த அடியில் பந்தைக் குழியில் போடுகிறவன்தான் ஜெயிப்பான் என்று விளக்கினேன். விளங்கிக்கொண்டார்கள். ஆனால் பெயர் மாறவில்லை. அந்த வீட்டில் அவன் பாவம்தான்.

அதற்கப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வாய் கட்டப்பட்ட மனுஷர் பக்கத்தில் உட்கார்ந்து அக்கா பேச ஆரம்பித்தாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பாவம் ஏன் மட்டையை மாற்றினான், மணலில் விழுந்தால் எப்படி எடுப்பான், எல்லாம் முழு முழு வாக்கியமாக. முதல் வாரம் அத்தான் விதியே என்று தலையாட்டினார். பிறகு ஒரு நாள், அவள் அடுப்பைப் பார்க்க எழுந்தபோது, முந்தானையைப் பிடித்து உட்காரவைத்து, மேலே சொல்லு என்று கையைக் காட்டினார்.

வருஷத்தில் நாலு பெரிய போட்டிகள் உண்டு. பாவம் அன்று வாங்கியது சின்னப் போட்டிக் கோப்பை; இந்த நாலில் ஒன்றையும் ஜெயித்ததில்லை. பல தடவை கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. இந்த முறை அப்படி ஒன்றின் கடைசிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. மறுநாள் காலையில் அத்தானுக்கு டாக்டர் பரிசோதனை.

"பாக்காமலே இருந்துடலாமா?" என்று அக்கா என்னிடம் கேட்டாள். அத்தான் முகம் போன போக்கைப் பார்த்து அவளே இரங்கினாள். அவள் உள்ளங்கையை அவர் வாய் மேல் வைத்துக்கொள்வது, நான் தோளைப் பிடித்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

கடைசிக் குழி வரைக்கும் பாவமும் இன்னொருவனும் சமம். இவன் பந்தைக் குழியில் போட்டால் கோப்பை. தவறினால் மறுபடி ஆட வேண்டும். தூரமோ அதிகம். பாவம் குனிந்து பார்த்தான், எழுந்தான், மறுபடி குனிந்தான். அடித்தான். பந்து மெல்ல உருண்டு, வளைந்து, குழியின் விளிம்புக்கு வந்து நின்றேவிட்டது. அத்தானின் நெஞ்சு விம்மிற்று, கழுத்து நரம்பு புடைத்தது. போச்சு, இனி பிரம்மனாலும் தடுக்க முடியாது என்று நினைத்தேன்.

பந்து விழுந்தது.

"டேய் பாவம்! என் ராசா! போட்டுட்டான்டா!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கத்தியவள் என் அக்கா. வாயைப் பொத்த வேண்டிய கையை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று கத்தினாள். அத்தான் திறந்த வாய் திறந்தபடி அவளையே பார்த்தார். வந்த சத்தம் அவருக்கு உள்ளேயே செத்துப்போயிற்று. முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவர், அந்தக் குரலை அன்றுதான் கேட்கிறார்.

கீழ்வீட்டுத் தையல்காரர் படியேறி ஓடிவந்தார். "என்ன அண்ணே, கத்திட்டீங்களே! நாளைக்கு டாக்டர்கிட்ட போகணுமே!"

அத்தான் விரலை நீட்டி அக்காவைக் காட்டினார்.

"அண்ணியா? சும்மா சொல்லாதீங்க!"

அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். அத்தான் அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எந்த நாட்டிலோ பிறந்து, எங்களை இன்னார் என்றே அறியாமல், ஒரு பந்தை உருட்டி என் அக்காவை எனக்குத் திருப்பிக் கொடுத்தவனே, நீ நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தினேன். இருந்த கடுப்பும் அன்றோடு போயிற்று.

மறுநாள் டாக்டர் குழாயை விட்டுத் தொண்டையைப் பார்த்தார். "பிரமாதமா ஆறியிருக்கு. நடுவுல கத்தலையே?"

"இல்ல டாக்டர்" என்றாள் அக்கா. "நேத்துதான் கண்டம். அந்தப் பாவம் கடைசிக் குழிக்கு வந்தப்போ..."

"யாரு பாவம்? சரிம்மா, அது இருக்கட்டும். முதல்ல இவர் குரலைக் கேப்போம்." டாக்டர் அத்தான் பக்கம் திரும்பினார். "மெதுவா ஏதாவது ஒண்ணு சொல்லுங்க பாப்போம்."

அக்கா பாதியில் நிறுத்திக்கொண்டாள். வழக்கம்தானே. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அத்தான் எச்சிலை விழுங்கினார். ஒரு தரம் அவளைப் பார்த்தார். சின்னதாக, கரகரப்பாக, ஆனால் அவருடைய குரலேதான், வெளியே வந்தது.

"அவ சொல்லி முடிக்கட்டும், டாக்டர்."