டீக்கடையில் போன மானமும் வீட்டுக்கு வந்த ஸ்கூட்டரும்

பத்து மாதத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை, டீக்கடையில் வைத்து என் மானம் போனது!

அதற்கு முன்கதை கொஞ்சம் இருக்கிறது.

நான் திருப்புல்லாணிப் பக்கம் எலக்ட்ரீஷியன். மாலையானால் நண்பர்கள் நான்கு பேர் டீக்கடையில் கூடுவோம். டீ, வடை, வாரம் இரண்டு நாள் பரோட்டா.

பணம் கொடுப்பது எப்போதும் நான்தான். (அதில் எனக்கு ஒரு கெத்து. ஒத்துக்கொள்கிறேன்!)

என் மனைவி செல்விக்கு ராமநாதபுரத்தில் ஜவுளிக்கடையில் வேலை. ஏழு மணி பஸ்ஸை விட்டால் ஒரு மணி நேரம் ஸ்டாண்டில் நிற்க வேண்டும்.

"செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஸ்கூட்டர் வாங்குவமாங்க?"

"காசுக்கு எங்கன போறது?" என்றேன்.

அவள் சண்டை போடவில்லை. என் போனை வாங்கி, ஸ்கேன் செய்து கொடுத்த பணத்தையெல்லாம் கூட்டினாள்.

"டீக்கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் மட்டும் மாசம் நாலாயிரத்து முந்நூறு!"

எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"டீ குடிக்க வேணாம்னு சொல்லல. வாரத்துக்கு ஐநூறு கையில வச்சுக்கங்க. ஸ்கேன் பண்ணக் கூடாது. நானும் ஆன்லைன்ல சேலை எடுக்குறத நிறுத்திக்கிறேன். மிச்சத்தைத் தனியாப் போட்டு வைப்போம்."

சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

முதல் வாரம் புதன்கிழமையே ஐநூறும் காலி!

வியாழன் மாலை. நான்கு பேரும் டீ குடித்து முடித்தோம். வழக்கம்போல மூன்று பேரும் என்னைப் பார்க்கிறார்கள்.

"இன்னைக்கு என்கிட்ட காசு இல்லடா."

காது இரண்டும் சூடாகிவிட்டது.

மிளகாய் விவசாயம் பார்க்கும் முருகேசன் எழுந்துபோய்ப் பணத்தைக் கொடுத்தான். இத்தனை வருஷத்தில் அவன் ஒரு டீக்குக் கூடக் கொடுத்ததில்லை. மகா கஞ்சன் என்றுதான் நினைத்திருந்தேன்.

திரும்பி வந்து சொன்னான்:

"ஏலே, எத்தன தடவ நான் காசை எடுத்து நீட்டியிருப்பேன்? 'உள்ள வைடா'ன்டு தள்ளி விட்டுருவ. ஓசி டீக்காரன்டு ஊருக்குள்ள எனக்குப் பேரு. அதை வாங்கிக் குடுத்ததே நீதான்டா!"

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து முறை வைத்துக் கொடுத்தோம். பரோட்டா வாரம் ஒருநாள் ஆனது. ஒருநாள் கூட டீ நிற்கவில்லை!

செல்வியும் சொன்ன சொல் மாறவில்லை. தீபாவளிக்கு மட்டும் ஒரே ஒரு சேலை. நடுவில் லைசென்ஸும் எடுத்துவிட்டாள்.

இன்று காலை ராமநாதபுரத்தில் பழைய வண்டி விற்கும் கடைக்குப் போனோம். சாம்பல் நிற ஸ்கூட்டர் ஒன்று இருவருக்கும் பிடித்தது. முப்பத்தைந்தாயிரம்.

கடைக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார். "லோன் போட்டுருவமா சார்?"

செல்வி முந்திக்கொண்டாள்.

"வேணாம்ணே. முழுசாக் கையில இருக்கு."

அந்தக் குரலில் இருந்த மிடுக்கைக் கல்யாணமான ஆறு வருஷத்தில் நான் கேட்டதே இல்லை!

சாவி அவள் கையில். நான் பின்சீட்டில்.

ரோட்டில் தெரிந்த முகங்கள் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தன.

"பின்னாடி உக்காந்து வரக் கூச்சமா இருக்காங்க?" என்றாள்.

"கூச்சமா? நீ இன்னும் மெதுவாப் போ செல்வி. எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்!"