எங்கள் வாசலைத் தாண்டிப் போன மாதா

அக்டோபர் வந்தால் எங்கள் தெருவில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். தெருவின் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த குழுவான அன்பியத்தார் மாலையில் பாட்டுப் பாடி அந்தச் சிலையைக் கொண்டுவந்து ஒரு வீட்டில் வைப்பார்கள். அந்த வீட்டார் ஜெபமாலை சொல்ல வேண்டும். மறுநாள் மாலை அடுத்த வீடு. ஓசூருக்குக் குடிவந்த நாளிலிருந்து மாதா எங்கள் வாசலைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தார்.

காரணம் ஷிப்ட். நான் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால் மதியத்துக்கு மேல்தான் வருவேன். அதற்குள் என் கணவர் சூளகிரிப் பக்கம் செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பியிருப்பார். போன அக்டோபரிலும் பக்கத்து வீட்டில் சுரூபத்தை எடுக்கும்போது அன்பியத் தலைவர் எங்களை விட்டுவிட்டு அடுத்த வீட்டைச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. எல்லார் முன்னாலும் கேட்டே விட்டேன்.

"ஏண்ணா, நடுவுல எங்க வீடு இல்லையா?"

"குடும்பமா உக்காந்து சொல்ற வீட்லதாம்மா வெக்கணும். நீ ஒருத்தி சொன்னா அது குடும்ப ஜெபமா?"

"அப்ப நாங்க என்ன, லாட்ஜா நடத்தறோம்?"

கோபத்தோடு சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று எங்கள் வீட்டுக்கு நடந்தேன். மாதாவைத் தனியே அனுப்ப யாருக்கு மனசு வரும்? பாட்டை எடுத்துக்கொண்டு எல்லாரும் பின்னால் வந்தார்கள், தலைவர் உட்பட. கீழ்வீட்டுக் கன்னடக்கார அம்மா எட்டிப் பார்த்து, "ஏனம்மா, ஜாத்ரேனா?" என்றார். ஆமாம், எங்கள் வீட்டுத் திருவிழாதான் என்றேன்.

மறுநாள் மாலை அன்பியத்தாரோடு சுரூபத்தை எடுக்க வந்த தலைவர், மாதாவின் கையில் நாங்கள் தொங்கவிட்டிருந்த எங்கள் ஜெபமாலையைப் பார்த்தார். துணி காயப்போடும் கிளிப் ஒன்று அதில் மாட்டியிருந்தது. கழற்றக் கையை நீட்டினார்.

"கழட்டாதீங்கண்ணா. எடம் தவறிடும்."

கல்யாணமானதிலிருந்து எங்கள் முறை அதுதான். நான் கொஞ்சம் சொல்லி, நிறுத்திய மணியில் கிளிப்பை மாட்டிவிட்டு வேலைக்குப் போவேன். அவர் எழுந்து குளித்து, அங்கிருந்து தொடர்ந்து, தான் நிறுத்திய இடத்தில் மாட்டிவிட்டுப் போவார். கம்பெனியில் மிஷினை அடுத்த ஷிப்டிடம் ஒப்படைப்பதில்லையா, அப்படி. எங்கள் வீட்டு ஜெபமாலையை ஒரே ஆள் சொல்லி முடித்ததே கிடையாது.

அவர் விட்டுப்போன கடைசி மணிகளை மதியம் வந்ததும் நான் முடிப்பேன். அன்று அந்தப் பத்து மணிகளையும் வேண்டுமென்றே மிச்சம் வைத்திருந்தேன்.

"இது வரைக்கும் அவர் சொல்லிட்டுப் போயிருக்கார். மிச்சத்த நான் முடிச்சாத்தான் மாதாவ எடுக்கலாம். அவசரம்னா நீங்க போங்க."

தலைவர் போகவில்லை. சமையலறை வாசலில் கிடைத்த இடத்தில் முழங்காலிட்டார். மற்றவர்களும் முழங்காலிட்டார்கள். நான் கிளிப்பைக் கழற்றிவிட்டு, என் கணவர் விட்ட மணியிலிருந்து, தெருவுக்கே கேட்கும்படி ஆரம்பித்தேன்.