தட்டின் இடது பக்கம்

அம்மா தன் சோற்றில் பாதியை எனக்காக மிச்சம் வைக்கிறாள் என்று நான் பல வருசம் நம்பியிருந்தேன்.

அப்புத்தளைக்குக் கீழே இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். ஒரு மழை நாளில் கொழுந்து எடுக்கும்போது அம்மா சரிவில் வழுக்கி விழுந்தாள். தலை கல்லில் மோதியது. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். காயம் ஆறியது. பேச்சும் நடையும் பழையபடியே இருந்தன. கண்டம் தப்பியது என்று லயத்து வீடுகளில் எல்லோரும் சந்தோசப்பட்டார்கள்.

அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கத் திரும்பிய அன்றே தகராறு வந்தது. அவள் எடுத்துப் போன நிரையில் ஒவ்வொரு செடியிலும் வலது பாதி சுத்தமாக இருந்தது. இடது பாதியில் கொழுந்து அப்படியே நின்றது. வேலையை மேற்பார்க்கும் கங்காணி எங்களுக்குச் சொந்தக்காரர்தான். சிரித்துக்கொண்டே கேட்டாராம்: “மிச்சப் பாதிய யாருக்கும்மா சீதனமா விட்டு வச்சிருக்க?”

அம்மா செடியை ஒரு தடவை பார்த்துவிட்டு, எல்லாம் எடுத்தாச்சுங்களே என்றாளாம். மறுநாளும் அவள் அதையே சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளில் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். தலையில் ஒரு பக்கம் மட்டும் சீவிக்கொள்வாள். இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டாள். அத்தை அதைத் திமிர் என்றாள். வேலைக்குப் போகாமல் இருக்க நடிக்கிறாள் என்றார் அப்பா. ஏதோ கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தக் கோபம் என்மேல் இல்லை. அதற்குச் சாட்சி அவளுடைய தட்டு. நடுவில் கோடு போட்ட மாதிரி வலது பக்கச் சோற்றை மட்டும் சாப்பிட்டு நிறுத்துவாள். நான் இடது பக்கம் ஒட்டி உட்கார்ந்து மற்றதைத் தின்பேன். அவள் சாப்பிடும்போதே கை வைத்தாலும் ஒன்றும் சொல்லமாட்டாள். அண்ணன்மார் யாருக்கும் கிடைக்காத சலுகை. அவர்கள் பார்க்க வேண்டும் என்றே மெதுவாகத் தின்பேன்.

கை கழுவும் முன் அம்மா அப்பாவைப் பார்த்து, “இன்னங் கொஞ்சம் சோறு இருக்குங்களா? பசிக்குது” என்பாள்.

“போட்டதையே புள்ளைக்குத் தள்ளிட்டு, பசிக்குதாம்ல” என்பார் அப்பா.

அம்மா மெலிந்துகொண்டே போனாள். மனக்கவலை என்றார்கள். அடுத்த மழைக்காலத்தில் வந்த காய்ச்சலை அவளால் தாங்க முடியவில்லை.

போன மாதம் என் வீட்டுக்காரருக்கு மூளையில் இரத்தக்குழாய் அடைத்து, பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கே ஒரு நாள் முதல் தடவையாக அவராகவே சோறு சாப்பிட்டார். வலது பாதியை முடித்துவிட்டு, இவ்வளவுதானா என்று என்னைக் கேட்டார். மற்றப் பாதி அவர் முன்னாலேயே இருந்தது.

அந்த வழியாக வந்த நர்ஸ் பிள்ளை தட்டை அப்படியே அரை வட்டம் சுற்றித் திருப்பி வைத்தாள். புதிதாகச் சோறு வந்தது போல அவர் மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தார்.

“கண்ணுல கொறை இல்லீங்க. மூளையில அடிபட்டாலும் அடைப்பு வந்தாலும் சில பேருக்கு ஒரு பக்கம் இருக்குறதே தெரியாது. தட்ட திருப்பி வைங்க, போதும்” என்றாள்.

அவர் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். நான் வெறும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா எனக்கென்று எதையும் மிச்சம் வைக்கவில்லை. அவளுக்குப் பசித்தது. தட்டைத் திருப்பி வைக்க எங்கள் வீட்டில் எத்தனையோ கைகள் இருந்தன. எல்லாவற்றையும்விடக் கிட்டத்தில் இருந்தது என் கை.