எத்தனை கிலோ கொண்டு போகலாம்?

சில வருடங்களுக்கு முன், ஒரு செப்டெம்பர் மாதம். குவைத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். கணவர் கட்டட சைட் ஒன்றில் சூப்பர்வைசர். வருட லீவு வந்தால் எங்களுக்கு யாழ்ப்பாணம்தான். அந்த வருடம் பாரிஸில் இருக்கும் என் அக்கா விடவில்லை. "ஒருக்கா எண்டாலும் மனுசர் மாதிரி ஹொலிடே போவம்" என்று சொல்லி, பிரான்சின் தெற்குப் பக்கத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்து வீட்டில் ஒரு கிழமைக்கு இரண்டு அறை பிடித்திருந்தாள். அது வைன் செய்கிற தோட்டம் என்பதைக் காரில் இருந்து இறங்கிய பிறகுதான் சொன்னாள்.

குடிக்கிறவர்களைக் கண்டு எனக்குப் பயமில்லை. என் பயமெல்லாம் குவைத் விமான நிலையம்தான். அங்கே மது கொண்டு வருவது குற்றம். பெட்டிக்குள் ஒரு சின்னப் போத்தல் அகப்பட்டாலும் வேலை, விசா, ஊரில் பாதியில் நிற்கிற வீடு எல்லாம் கலாஸ், அத்தோடு முடிந்தது.

தோட்டத்துக்காரி ஒரு விதவை. அறுபது வயதிருக்கும். கட்டை முடி, சேறு படிந்த ரப்பர் பூட்ஸ். முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உடைந்த ஆங்கிலத்தில் விசாரிக்கத் தொடங்கினாள். எப்போது திரும்பிப் போகிறீர்கள்? நேரே குவைத்துக்கா? விமானத்தில் எத்தனை கிலோ கொண்டு போகலாம்?

கடைசிக் கேள்வியோடு நான் கரண்டியைக் கீழே வைத்தேன். வளைகுடாவில் லீவு போகிற ஆளிடம் "எத்தனை கிலோ" என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பார்சல் வரப்போகிறது. நாங்களும் எல்லோருக்கும் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள்தான். போகும்போது பால்மாவும் சவர்க்காரமும், வரும்போது மிளகாய்த்தூளும் கருவாடும். ஆனால் பிரித்துப் பார்க்காமல் ஒன்றும் வாங்க மாட்டோம். கணவர் கல்யாணத்துக்கு முன் தொழிலாளர் காம்பில் இருந்த காலத்தில், ரூமில் இருந்த ஒருவர் யாரோ தந்த ஊறுகாய்ப் போத்தலை நம்பி வாங்கி வந்தார். உள்ளே போதை மாத்திரைகள். அந்த ஆள் ரூமுக்குத் திரும்பி வரவேயில்லை.

"பதினைந்து கிலோதான். அதுவும் நிறைஞ்சு போச்சு" என்று பொய் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். ஆனால் விடவில்லை. அடுத்த நாள் சமையலறையில் அவளும் அக்காவும் பிரெஞ்சில் குசுகுசுத்துக் கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனதும் பேச்சு நின்றது. அக்கா சம்பந்தமே இல்லாமல் தக்காளி விலையைப் பற்றிக் கதைத்தாள். அன்று பின்னேரம் அக்காவின் கணவர், எங்கள் அத்தான், என் கணவரை நிலவறை பார்க்கக் கூட்டிப்போனார். என் மனிதர் சிவந்த முகத்தோடும் வழக்கமில்லாத மரியாதையோடும் திரும்பி வந்தார். எனக்குச் சந்தேகம் முற்றிப்போனது.

"இஞ்சேருங்கோ, உங்கட பெட்டியைத் திறவுங்கோ" என்றேன்.

"உமக்கு உலகத்தில எல்லாரும் கள்ளராத்தான் தெரியினம்" என்றார். திறந்து காட்டினார். ஒன்றும் இல்லை. அதனால் எனக்கு நிம்மதி வந்ததா என்றால், இல்லை. சுற்றிப் பார்க்க வெளியே போய் வந்தால் முதல் வேலை பெட்டிகளைக் கிண்டுவதுதான். ஒரு நாள் காலை தோட்டத்துக்காரி ஒரு தட்டு அத்திப்பழம் கொண்டு வந்து கதவைத் தட்டினாள். அவள் என் தோளுக்கு மேலால் எட்டி எங்கள் பெட்டியைப் பார்த்ததை நான் கண்டேன். பழத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். அத்தனை அழகான மலைகளும் தோட்டங்களும் இருந்த இடம். எனக்கு நினைவிருப்பது பெட்டியின் நம்பர் பூட்டு மட்டும்தான்.

கிளம்புகிற காலை அது வந்தேவிட்டது. தோட்டத்துக்காரியின் கையில், தடித்த மண்ணிறத் தாள் சுற்றி, கயிறு கட்டிய பார்சல்.

"அவவின்ர மகனுக்கடி. அவரும் குவைத்திலதான், எண்ணெய்க் கொம்பனியில" என்றாள் அக்கா. "உன்னட்டக் கேக்க வெக்கமா இருக்கெண்டு எனக்குத்தான் சொன்னவ. நீ மாட்டன் எண்டுவாய் எண்டு நானும் கடைசி மட்டும் வாய் திறக்கேல்லை."

நான் கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தேன். அக்கா என் முழங்கையில் கிள்ளினாள். அவள் கிள்ளட்டும், உள்ளே போகப்போவது நான்தானே. தோட்டத்துக்காரியின் கண் முன்னாலேயே கயிற்றை வெட்டினேன். அத்திப்பழ ஜாம் இரண்டு போத்தல். சரி. ஒரு கேக் துண்டு. சரி. அடியில் தடித்த கம்பளிச் சுவெட்டர் ஒன்று. செப்டெம்பர் மாதத்துக் குவைத்தில் காரின் கதவுப் பிடியைத் தொட்டால் கை வேகும். அந்த வெயிலுக்குச் சுவெட்டரா? கையை விட்டுத் தடவினேன். ஒரு கைப்பகுதி கனத்தது. உள்ளே ஒரு காலுறை, காலுறைக்குள் சின்ன வைன் போத்தல்.

நான் கத்தினேன். சுத்த யாழ்ப்பாணத் தமிழில் கத்தினேன். "எங்கட சோத்தில மண்ணள்ளிப் போடத்தான் இவ்வளவு நாளும் சிரிச்சவவோ? கேள் அக்கா! அம்பிட்டால் சிறைக்கு ஆர் போறது, இவவோ?" அக்கா மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. தோட்டத்துக்காரி வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு அவள் சொன்னதை அக்கா மெதுவாகச் சொன்னாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் மகன் தன் கையாலேயே கொடி நட்டிருக்கிறான். அவை காய்க்கும் முன்பே வேலை கிடைத்துப் போய்விட்டான். முதல் காய்ப்பில் எடுத்த வைன் இது, அவன் வாயில் வைக்கவேயில்லை. தனி ஆளாக அவளால் எல்லாம் பார்க்க முடியவில்லை. அந்தத் துண்டைப் பிடுங்கவா என்று போனில் கேட்டால், "உங்கள் விருப்பம்" என்கிறானாம். ஒரு வாய் குடித்தால் அப்படிச் சொல்ல மாட்டான் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. அங்கே தடை என்று அவன் சொல்லித்தான் இருக்கிறான். ஒரு சின்னப் போத்தல்தானே என்று நினைத்தாளாம்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இரக்கம் வரவில்லை. என் பிழைப்பை ஒரு காலுறைக்குள் சுற்றி வைத்தவள் மேல் எப்படி வரும்? பார்சலை அப்படியே படியில் வைத்துவிட்டுக் காரில் ஏறினேன். அத்தான் காரை எடுத்தார். வேலியை ஒட்டி, அடுத்த கிழமை அறுவடைக்கு இருந்த குலைகள் கறுத்துத் தொங்கின. அவள் இன்னும் படியிலேயே இருந்தாள்.

"நிப்பாட்டுங்கோ அத்தான்" என்றேன். "பழம் கொண்டு போகலாம்தானே? பழத்துக்கு என்ன தடை?"

அக்கா போய்ச் சொன்னதும் அந்த அறுபது வயதுக்காரி பூட்ஸ் காலோடு ஓடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பின்பக்கத்து மதிலோரம் அந்தத் துண்டு நிலம். மிகச் சிறியது. நல்ல குலைகளாகத் தேடித் தேடி வெட்டினாள். நான் ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பாவில் டிஷ்யூ விரித்து அடுக்கினேன். ஒவ்வொரு குலையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் உள்ளே வைத்தேன். அதைக் கண்டு அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஜாமையும் சுவெட்டரையும்கூட இன்னொரு தடவை உதறிப் பார்த்து எடுத்துக்கொண்டேன்.

குவைத்தில் சுங்க அதிகாரி டப்பாவைத் திறக்கச் சொன்னார். பார்த்தார். "யல்லா, யல்லா" என்று போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மகன் எங்கள் பிளாட்டின் கீழே கார் பார்க்கிங்குக்கு வந்தான். தாடி வைத்த நெடிய ஆள். சுவெட்டரைப் பார்த்ததும் அதன் கைகளைத்தான் முதலில் தடவினான். தாயை நன்றாகத் தெரிந்தவன். ஒன்றும் இல்லை என்றேன், நடந்ததையும் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். பிறகு டப்பாவைத் திறந்து, மதிலோரத்துக் கொடியா என்று கேட்டான். ஓம் என்றேன். அந்த வெயிலில் நின்றபடியே ஒரு பழத்தை வாயில் போட்டான். வைன் பழம் சின்னது, முக்கால்வாசியும் தோலும் விதையும்தான். அவன் எதையும் துப்பவில்லை. இன்னொன்று, இன்னொன்று என்று ஒரு குலையை முடித்துவிட்டுத் தாய்க்குப் போன் எடுத்தான். என்ன கதைத்தான் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் கதைக்க முடியாமல் இரண்டு தடவை நிறுத்தினான். நான் மெல்ல மேலே வந்துவிட்டேன்.

அவன் திரும்பிப் போனானா என்று தெரியாது. அந்தக் கொடிகளை அவள் பிடுங்கவில்லை என்று மட்டும் அக்கா சொன்னாள்.

இன்றும் யார் பார்சல் தந்தாலும் அவர்கள் கண் முன்னாலேயே பிரித்துத்தான் பார்க்கிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் "இதைக் கொண்டு போக மாட்டேன்" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும், வேறு எதைக் கொண்டு போகலாம் என்று கேட்காமல் அந்த இடத்தை விட்டு நகர என்னால் முடிவதில்லை.