உள்ளங்கைக் கொப்புளம்

பன்னிரண்டு வருடமாக எனக்குச் சர்க்கரை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்ந்தவள் நான். கல்யாணப் பந்தியில்கூட என் இலையில் விழுந்த ஜாங்கிரியைப் பக்கத்து இலைக்குத் தள்ளியிருக்கிறேன். அப்படிப்பட்ட என்னைத்தான் என் வீட்டுக்காரர் திருடி என்றார்.

போன வருடம்தான் இது தொடங்கியது. மதியம் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தால் நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிடும். ஒரு மணி நேரத்தில் கை கால் வெடவெடக்கும், வேர்த்துக் கொட்டும். அப்போது இரண்டு ஸ்பூன் சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்வேன். ஒரு நாள் அதை அவர் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலம் விரலைக் குத்திப் பார்த்தால் முந்நூற்றுப் பத்து.

"எத்தினி நாளா இந்தத் திருட்டுத் தீனி?" என்றார்.

"நடுக்கத்துக்குப் போட்டுக்கினேங்க."

"ரெண்டு ஸ்பூனுக்கு முந்நூறு ஏறுமா? யாருகிட்ட கதை விடற?"

சர்க்கரை டப்பா பீரோவுக்குள் போனது, சாவி அவர் சட்டைப்பையில். அடுத்த நடுக்கத்துக்கு அவர் முன்னால் போய்க் கையேந்தி நின்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தார். இருபத்தாறு வருடம் சமைத்துப் போட்ட கை இது. வயிறெரிந்தது எனக்கு.

ஆடி வெள்ளிக்கு வீராம்பட்டினம் அம்மன் கோயிலுக்குப் போனோம். வாசலில் சூடம் ஏற்றி, "திருட்டுத்தனமா திங்கலன்னா அணைச்சு சத்தியம் பண்ணு" என்றார். எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் அதற்குமேல் எங்கள் பக்கம் பேச்சில்லை. அடித்தேன். இருந்த ரோஷத்தில் கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்தேன். சுடவே இல்லை. அம்மன் என் பக்கம்தான் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்கையில் எட்டணா அளவுக்குக் கொப்புளம்.

"பாத்தியா? உண்மையா இருந்தா ஏன் சுடுது?" என்றார். அம்மனும் கைவிட்டாள் என்று அன்று அழுதேன்.

கொப்புளம் உடைந்து சீழ் வைத்தது. கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா கையைப் பார்த்து, "இவ்ளோ வெந்திருக்கு, சுட்டது தெரியலையா?" என்று கேட்டார்.

"தெரியலம்மா."

"கொஞ்சம் சாப்ட்டதுமே வயிறு ரொம்பிடுதா?"

தலையாட்டினேன். இன்னொரு நாள் வரச்சொல்லி, மருந்து கலந்த இட்லியைத் தின்னவைத்து மணிக்கொரு தரம் வயிற்றைப் படம் எடுத்தார்கள். நாலு மணி நேரம் கழித்தும் பாதி இட்லி வயிற்றிலேயே கிடந்தது.

"சக்கரை கை நரம்பைக் கெடுத்தாப்புல வயித்து நரம்பையும் கெடுத்திருக்கு. ஊசி வேலை செய்யற நேரத்துல சோறு இறங்கல, அதான் நடுக்கம். ஊசி அடங்குனப்புறம் இறங்குது, அதான் சாயங்காலம் ஏறுது," என்றார். ஊசி போடும் நேரத்தை மாற்றிக் கொடுத்தார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சோற்றை ஒளித்து வைத்தது என் வயிறு, திருடிப் பட்டம் எனக்கு. கழுத்தறுத்த வயிற்றை மன்னித்துவிட்டேன். அதற்கு நரம்பு கெட்டுவிட்டது, அது என்ன செய்யும்?

வீட்டுக்கு வந்ததும் அவர் பீரோவைத் திறந்து டப்பாவை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தார்.

"எனக்கு எப்படித் தெரியும்? நீ ஒழுங்கா சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்ல?" என்றார்.

கட்டுப்போட்ட கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"சொன்னேனேங்க."

அவருக்கு நரம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.